பிக்கப்பில் 265/70ஆர்17 டயர்: உரசுமா, காற்று எவ்வளவு?

துவாஸ்_பிக்கப்:
வணக்கம். வண்டி டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர் வீல் டிரைவ். இப்போது ஓடுவது 265/65ஆர்17. தேய்ந்துவிட்டது, அடுத்து 265/70ஆர்17 ஆல்-டெரெய்ன் (மண்பாதையிலும் ஓடும் வகை) போடலாம் என்று எண்ணம். சஸ்பென்ஷன் கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது. வேலை நாளில் பின்னால் ஏர்கான் சாமான் 400 கிலோ, ஞாயிறு வெறும் வண்டி. ரிம்மையும் மாற்றணுமா? உரசுமா? காற்று பழைய அளவே போதுமா? டயர் கடையில் "பக்கவாட்டில் 80 பிஎஸ்ஐ போட்டிருக்கு, 50ஆவது அடிங்க" என்கிறார்கள்.

உபி_வீல்ஸ்:
ரிம் அப்படியே இருக்கட்டும். 17 என்பது ரிம் அங்குலம், அது மாறவில்லை. அகலம் அதே 265 மி.மீ.தான், பக்கவாட்டின் உயரம் மட்டும் அகலத்தில் 65 சதவீதத்திலிருந்து 70 ஆகக் கூடுகிறது. பழைய டயரின் விட்டம் 776 மி.மீ., புதியது 803. ஆக, வண்டி 13 மி.மீ. உயரும். கூரையில் ஏணி, பைப் ஏற்றுகிறீர்கள் என்றால் மாடி கார்பார்க் உயரப் பலகையை இனி ஒரு தடவை கூடுதலாகப் பாருங்க.

உரசினால் முன்சக்கரத்தில்தான் உரசும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது சக்கரக்குழியின் பின்பக்க பிளாஸ்டிக்கும் மட்ஃப்ளாப்பும் முதலில் படும். அதனால் நான்கையும் மாட்டுவதற்கு முன் முன்பக்கம் ஒன்றை மட்டும் மாட்டச் சொல்லுங்க. இடம், வலம் இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, சக்கரத்தை ஒரு கர்ப் மேல் ஏற்றியும் பாருங்க. லேசாகப் பட்டால் மட்ஃப்ளாப் ஸ்க்ரூவைக் கழற்றிச் சற்று பின்னால் தள்ளினாலே தீரும். ஸ்பேஸர் (ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் தகடு) வேண்டாம். அது டயரை வெளியே தள்ளும், உரசலும் கூடும். டயர் ஃபெண்டரைத் தாண்டி நீட்டினால் வாகனப் பரிசோதனையிலும் பிரச்சினை.

மீட்டர் ஏறத்தாழ 3.4 சதவீதம் குறைத்துக் காட்டும். முள் 70இல் நிற்கும்போது வண்டி 72 ஓடும். சிங்கப்பூரில் இலகுரக சரக்கு வண்டிக்கு விரைவுச்சாலையிலேயே 70தான் எல்லை. கைப்பேசி ஜிபிஎஸ் வைத்து ஒரு தடவை ஒப்பிட்டுக்கொள்ளுங்க.

காற்று_அளவு:
அந்த 80 பிஎஸ்ஐ பேச்சை முதலில் விடுங்க. பக்கவாட்டில் இருப்பது அந்த டயர் தன் முழுச்சுமையைத் தாங்கும்போது வேண்டிய காற்று. உங்க வண்டிக்கு அல்ல. 50 அடித்து வெறும் வண்டி ஓட்டினால் நடுப்பட்டை மட்டும் ரோட்டைத் தொடும், மழையில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் வழுக்கும்.

80 என்று இருப்பதால் அது எல்டி (லைட் டிரக்) வகை, சுமை எண் 121/118 போட்டதாக இருக்கும். சாதாரண வகையில் 115 என்றிருக்கும், அதாவது 1,215 கிலோ. சாதாரண வகை என்றால் ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர் அளவிலேயே ஆரம்பிக்கலாம். எல்டிக்கு அது போதாது. அதே எடையைத் தாங்க அதற்குக் காற்று அதிகம் வேண்டும், 35 முதல் 50 கிலோபாஸ்கல் கூட்டுங்க (1 பிஎஸ்ஐ என்பது சுமார் 7 கிலோபாஸ்கல்). ஸ்டிக்கரில் 200 என்றால் 240இல் ஆரம்பம். சாமான் ஏற்றும் நாளில் முன்பக்கத்தைத் தொடாதீங்க, பின்பக்கம் மட்டும் இன்னும் 40 கூட்டுங்க.

பிறகு சரிபார்ப்பது இப்படி. காலையில் வண்டி எடுக்கும் முன் அளந்து எழுதிக்கொள்ளுங்க. விரைவுச்சாலையில் அரைமணி நேரம் வழக்கமான சுமையோடு ஓட்டி, நிறுத்தின உடனே மறுபடி அளங்க. சாதாரண டயரில் சுமார் 28 கிலோபாஸ்கல், எல்டியில் 40 ஏறினால் சரி. அதைவிட அதிகம் ஏறினால் குளிர்ந்த நிலையில் காற்று குறைவு: பக்கவாட்டு அதிகம் மடங்கிச் சூடாகிறது. ஏறவே இல்லை என்றால் காற்று கூடுதல். சூட்டில் ஏறினதைத் திறந்துவிடவே கூடாது, மறுநாள் காலையில் திருத்துங்க.

நம்ம ஊர் வெயிலில் இன்னொன்று. 10 டிகிரி சூடு கூடினால் சுமார் 10 கிலோபாஸ்கல் ஏறும். திறந்தவெளியில் நிறுத்தினால் வெயில் பக்கத்து டயர் மட்டும் கூடக் காட்டும். மத்தியானம் பெட்ரோல் நிலையத்தில் நான்கையும் சமப்படுத்தினால், மறுநாள் காலை அந்தப் பக்கம் குறைவாக நிற்கும்.

துவாஸ்_பிக்கப்:
நன்றி அண்ணே. காற்று அளக்கும் மெஷின் இல்லாமல் பார்க்க வழி உண்டா?

காற்று_அளவு:
உண்டு தம்பி. டயரின் குறுக்கே சாக்பீஸால் தடித்த கோடு போட்டு, காய்ந்த ரோட்டில் நேராக நூறு மீட்டர் ஓட்டிப் பாருங்க. நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரம் மட்டும் அழிந்தால் குறைவு. சுமையோடு ஒரு தடவை, சுமையில்லாமல் ஒரு தடவை.

உபி_வீல்ஸ்:
ஸ்பேர் டயரை யாரும் கேட்கவில்லை. பழைய 265/65 ஸ்பேராகவே இருந்தால், அதை மாட்டின நேரத்தில் ஃபோர் வீல் போடாதீங்க. விட்டம் வேறுபட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) அடிபடும். டூ வீலில் மெதுவாகப் பக்கத்து வொர்க்‌ஷாப் வரை மட்டும் போங்க, முடிந்தால் அதை முன்பக்கத்தில் மாட்டுங்க, பின் டிஃபரென்ஷியல் (இரண்டு பின்சக்கரமும் வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்) பிழைக்கும். ஐந்தாவதும் புது அளவில் வாங்குவதென்றால், அடியில் தொங்கும் இடத்தில் அது உட்காருகிறதா என்று காசு கொடுக்கும் முன் பார்த்துவிடுங்க. புது டயர் மாட்டி 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டை டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) மறுபடி இறுக்கவும் சொல்லுங்க.