பங்குக் கோவில் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தாவைத் தேடுவது எப்படி?

கேள்வி: பூர்வீகம் தூத்துக்குடி பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். கொள்ளுத்தாத்தா பெயர் தெரியும், பிறந்த வருடம் தெரியாது. கோவிலில் எதைக் கேட்கட்டும்?

பதில் 1: முதலில் உங்கள் தாத்தாவின் திருமணப் பதிவைக் கேளுங்கள் அண்ணே, அதில் பெற்றோர் பெயர் இருந்தால் அங்கிருந்து ஒரு தலைமுறை மேலே ஏறலாம். பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கலாம், பயப்படாதீர்கள், ஒரே மாதிரி வாசகம்தான் திரும்பத் திரும்ப வரும்.

பதில் 2: ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தகப்பன், ஞானத்தாய் (ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள்) பெயர்களை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், பல நேரம் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள். அப்புறம், 1908க்குப் பிந்தைய கல்யாணம் என்றால் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தையும் பாருங்கள், கல்யாணத்தையும் அங்கே குறிக்க வேண்டும் என்பது திருச்சபை விதி. வேறு ஊரில் கட்டிக்கொண்டவரைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

பதில் 3: ஞாயிறு பூசை நேரத்தில் போகாதீர்கள். வார நாளில், பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.