ஏசிடிஎஸ் பட்டை வருது, நொதி அளவு வரலை

உப்பங்கழி:
பரங்கிப்பேட்டைப் பக்கம் உவரேறிய மணலில் விளைந்த வேர்க்கடலையின் வேர்மண், முடிச்சு இரண்டிலிருந்தும் பாக்டீரியா பிரித்திருக்கோம். ஏசிசி (செடியில் எத்திலீன் உருவாக மூலப்பொருள்) மட்டுமே நைட்ரஜனாக உள்ள டிஎஃப் (ட்வொர்கின்-ஃபாஸ்டர்) உப்பு அகரில் எல்லாமே வளருது. பிசிஆரில் ஏசிடிஎஸ் (ஏசிசியை உடைக்கும் ஏசிசி டிஅமினேஸ் நொதியின் மரபணு) பட்டை உண்டு. நொதியை 540 நானோமீட்டரில் அளந்தால் மட்டும் பாதிக்கு மேற்பட்டவை பிளாங்க் (வெற்று ஒப்பீடு) அளவைத் தாண்டலை. டிரிப்டிக் சோயா குழம்பில் ராத்திரி வளர்த்த செல்லை அப்படியே அளக்கிறோம். எங்கே இடிக்குது?

வேர்மண்:
அந்த "அப்படியே"தான். ஏசிசி டிஅமினேஸ் தூண்டினால்தான் உருவாகும். சோயா குழம்பில் அமினோ அமிலம் ஏராளம். செல் ஏன் ஏசிசியைத் தேடப்போகுது? செல்லை டிஎஃப் உப்பால் கழுவி, 3 மில்லிமோலார் ஏசிசி சேர்த்த டிஎஃப் குழம்பில் 24 மணி நேரம் குலுக்கியில் வையுங்க. ஏசிசி வெப்பம் தாங்காது. 0.5 மோலார் கரைசலாக்கி 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, மைனஸ் 20-இல் வைத்துக்கொள்ளுங்க.

அளவீடு: டிரிஸ் 7.6-இல் கழுவி, டிரிஸ் 8.5-இல் 600 மைக்ரோலிட்டராகக் கலக்குங்க. 30 மைக்ரோலிட்டர் டொலுவீன் விட்டு 30 விநாடி வோர்டெக்ஸ். இதை விட்டால் ஏசிசி செல்லுக்குள் சரியாகப் போகாது. இதில் 200 மைக்ரோலிட்டருக்கு 20 மைக்ரோலிட்டர் ஏசிசி, 30 டிகிரியில் 15 நிமிடம். பிறகு 0.56 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மில்லி விட்டு நிறுத்துங்க. வருவது ஆல்ஃபா-கீட்டோபியூட்டிரேட்டும் அம்மோனியாவும்; நிறம் காட்டச் சேர்க்கும் டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசின் பிடிப்பது முதலாவதை. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்த பிறகுதான் அளக்கணும். ஏசிசி சேர்க்காத அதே செல்தான் சரியான பிளாங்க்.

முடிச்சு:
அகர் வளர்ச்சியை நான் நம்பமாட்டேன். சாதா அகரிலேயே கொஞ்சம் நைட்ரஜன் ஒட்டியிருக்கும். நைட்ரஜனே இல்லாத பிளேட் ஒன்று, அம்மோனியம் சல்பேட் பிளேட் ஒன்று, பக்கத்திலேயே போடுங்க. முதலாவதிலும் அதே அளவு வளர்ந்தால் பிரித்தெடுத்த அந்த பாக்டீரியா கணக்கில் வராது. காற்று நைட்ரஜனை நிலைநிறுத்துகிற பாக்டீரியாவாகவும் இருக்கலாம்.

இன்னொரு சந்தேகம்: வேர்க்கடலை முடிச்சில் இருக்கவேண்டியது பிராடிரைசோபியம். அது ஈஸ்ட் மன்னிடால் அகரிலேயே கண்ணுக்குத் தெரிய 5 முதல் 7 நாள் எடுக்கும். சோயா குழம்பில் ஒரே ராத்திரியில் கலங்கினால் முடிச்சுக்குள் குடிவந்த வேறு ஏதோ. எந்த பாக்டீரியா என்று அறிய 16எஸ் மரபணு வரிசை பார்த்துவிடுங்க.

கடலூர்_ஜெல்:
பட்டை வந்தாலும் வரிசை படிக்காமல் ஏசிடிஎஸ் என்று எழுதாதீங்க. டி-சிஸ்டீன் டிசல்ஃப்ஹைட்ரேஸ் மரபணு இதற்கு நெருங்கிய ஒப்பு. பிரைமர் அதையும் பிடிக்கும். சூடோமோனாஸ் பாக்டீரியாவின் யூடபிள்யூ4 திரிபின் நொதியோடு ஒப்பிட்டு 295-ஆம் இடத்தில் குளுட்டமேட், 322-ஆம் இடத்தில் லியூசின் இருக்கா என்று பாருங்க. அவை இரண்டையும் செரின், திரியோனினாக மாற்றினால் நொதியே டிசல்ஃப்ஹைட்ரேஸ் வேலைக்குப் போய்விடும்.

அசல் ஏசிடிஎஸ் ஆனாலும் குழம்பில் பேசாமல் இருக்கலாம். மீசோரைசோபியம் லோட்டி என்ற முடிச்சு பாக்டீரியாவில் அது நிஃப்ஏ2 (நைட்ரஜன் நிலைநிறுத்தல் மரபணுக்களை இயக்கும் புரதம்) கட்டுப்பாட்டில், முடிச்சுக்குள் மட்டும் இயங்குது. அப்படிப்பட்டதற்கு ஏசிசி எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை.

உப்பங்கழி:
தூண்டலும் மூன்று பிளேட்டும் முதலில். மணிக்கு ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை நானோமோல் வந்தால் செடிக்குப் போதும்?

வேர்மண்:
20-ஐக் கீழ்வரம்பாக வைப்பது வழக்கம். புரதத்துக்கு டொலுவீன் போட்ட செல்லிலிருந்தே 100 மைக்ரோலிட்டர் முன்கூட்டி எடுத்து 4 டிகிரியில் வைத்துவிடுங்க. அமிலம் சேர்ந்த பிறகு எடுக்க முடியாது.