"பிடித்துவிடுதல்" வேண்டாம், "விடுமீன்" எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். தூண்டிலில் பிடித்த மீனை உயிரோடு திரும்பத் தண்ணீரில் விடுவதை ஆங்கிலத்தில் "கேட்ச் அண்ட் ரிலீஸ்" என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லைச் சேர்ப்பது என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> கேட்ச் அண்ட் ரிலீஸ் என்பதற்குப் "பிடித்துவிடுதல்" போதும். எல்லாருக்கும் புரியும்.

ஐயா, புரியும், ஆனால் தலைகீழாகப் புரியும். "மீனைப் பிடித்துவிட்டான்" என்றால் மீன் கூடையில் கிடக்கிறது என்றுதான் பொருள். "விடு" அங்கே துணைவினை. இடைவெளி விட்டுப் "பிடித்து விடுதல்" என எழுதலாம். பேச்சில் அந்த இடைவெளி ஏது?

என் பரிந்துரை "விடுமீன்". வினைத்தொகை என்பதால் விட்ட மீன், விடுகிற மீன், விடப்போகும் மீன் மூன்றும் அடங்கும். இப்படிப் பொழுதுபோக்காகப் பிடிப்பதை "விடுமீன் தூண்டில்" எனலாம். எனக்கு இதைவிட முக்கியம், இதிலிருந்து கிடைக்கும் "விடுமீன் இறப்பு", அதாவது விட்ட பிறகு மீன் செத்துப்போவது. தண்ணீரில் விட்டால் மீன் பிழைத்துக்கொள்ளும் என்று பலரும் நம்புகிறோம். அதைக் கேள்வி கேட்கவே ஒரு சொல் வேண்டும்.

போன கோடையில் ஓர் ஏரிக்கரையில் பார்த்தேன். கட்லா ஒன்றைக் கரையேற்றி, காய்ந்த கையால் தூக்கி, மூன்று பேர் மாற்றி மாற்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். செவுள் திறந்து திறந்து மூடியது. அப்புறம் பக்குவமாகத்தான் விட்டார்கள். அது ஒருக்களித்துச் சாய்ந்து, வெள்ளை வயிறு தெரிய, மெல்லக் கீழே போனது.

தண்ணீரை விட்டு வெளியே வந்தால் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காய்ந்த கை உடம்பின் வழுவழுப்பை எடுத்துவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இழுபறியில் தசையில் லாக்டிக் அமிலம் சேரும். வெயில் காலத் தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. சில மணி நேரமோ சில நாளோ கழித்துச் சாகிற மீனை யாரும் பார்ப்பதில்லை.

அதற்காகத் தூண்டில்காரர்களைத் திட்ட வேண்டாம். கர்நாடகக் காவிரியில் காளிபோரே தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை அவர்கள் எழுதிவைத்த பிடிப்புக் கணக்குதான், காவிரிப் படுகைக்கே உரிய திமில் மகசீர் என்னும் பெரிய ஆற்று மீன் குறைந்து, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகியதைக் காட்டிக்கொடுத்தது. திமில் மகசீர் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

இங்கே ஒரு சிக்கல். குளத்தில் "குஞ்சு விடுதல்" என்கிறோமே, அந்தக் கணக்கில் நீலத்துடுப்பும் விடுமீன் ஆகிவிடாதா? அதைக் "குஞ்சுவிடுப்பு" என்று தனியாக வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் "மீள்விடு மீன்" என்றாலும் எனக்குச் சம்மதம். "பிடித்துவிடுதல்" மட்டும் பட்டியலில் ஏற வேண்டாம், ஐயா.