2008-க்கும் 2011-க்கும் இடையில் ஜோகோவிச்சிடம் உண்மையில் மாறியது என்ன?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டென்னிஸ் ஆட்டக்காரர் நோவக் ஜோகோவிச்சின் ஆட்டங்களைத் தொடக்க காலத்திலிருந்து வரிசையாகப் பார்த்துவருகிறேன். அதில் ஒரு காலப்பகுதி மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

2007-இல் மொன்றியல் மாஸ்டர்ஸ் போட்டியில், அப்போது தரவரிசையில் முதல் மூன்று இடங்களில் இருந்த ராடிக், நடால், ஃபெடரர் ஆகிய மூவரையும் அவர் அடுத்தடுத்து வென்றார். அதே ஆண்டு அமெரிக்க ஓபன் இறுதிக்கு வந்தார். 2008 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் ஃபெடரரை நேர் செட்களில் வீழ்த்தி, இறுதியில் சோங்காவையும் வென்று, 20 வயதில், டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில் தன் முதல் கோப்பையைக் கையில் ஏந்தினார். இனி இவரைத் தடுக்க ஆளில்லை என்றுதான் அதைப் பார்த்த எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அடுத்த மூன்று ஆண்டுகளில் ஒரு கிராண்ட்ஸ்லாம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 2009-இல் ஆஸ்திரேலிய ஓபன் நடக்கும் மெல்பர்னில் கோப்பையைத் தக்கவைக்க வந்தவர், ராடிக்குடனான காலிறுதியில் வெப்பம் தாங்காமல் பாதியில் விலகினார். 2010-இல் அதே ஊரில், அதே கட்டத்தில், சோங்காவுக்கு எதிராக இரண்டுக்கு ஒன்று என்று செட் கணக்கில் முன்னிலையில் இருந்தபோது வயிற்றுக் கோளாறால் நிலைகுலைந்து தோற்றார். பிறகு 2011-இல் ஆண்டின் தொடக்கத்திலிருந்து 41 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்றார்.

இதற்கு விளக்கமாக எங்கு தேடினாலும் ஒரே பதில்தான் வருகிறது: கோதுமை உணவை நிறுத்தினார், உலகின் முதல் ஆட்டக்காரரானார். உணவை மாற்றியதால் மட்டும் களிமண் தரையின் அரசனான நடாலை ஒருவர் அதே தரையில் நேர் செட்களில் வெல்ல முடியுமா? ஆட்டத்தை நுணுக்கமாகக் கவனித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செந்தரை எழுதியது:

நல்ல கேள்வி. உணவுக் கதை பரவியதற்குக் காரணம், அது சொல்வதற்கு எளிதாக இருப்பதுதான். அதே காலத்தில் நடந்த இன்னொரு மாற்றத்தைப் பலர் பேசுவதில்லை. அது அவருடைய சர்வ், அதாவது ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கிவைக்கும் அடி.

2009-இல் அவர் மட்டையை மாற்றினார்; வில்சனை விட்டு ஹெட் நிறுவனத்தின் மட்டைக்கு வந்தார். அதே ஆண்டில், நிரந்தரப் பயிற்சியாளரான மரியான் வைடாவுடன், அமெரிக்காவின் டாட் மார்ட்டினையும் சேர்த்துக்கொண்டார். அக்காலத்தில் அவருடைய சர்வ் அசைவு மாறியது. 2010-இன் முதல் பாதி ஆட்டங்களைப் பார்த்தால், பந்தை மேலே தூக்கியபின் கை போகும் வழியே அவருக்கு நிச்சயமில்லாதது போலத் தெரியும். இரண்டு சர்வ்களும் தவறிப் புள்ளி பறிபோகும் இரட்டைத் தவறுகள் குவிந்தன. இவ்வளவுக்கும் நடுவே அவர் தரவரிசையில் முதல் மூன்று நான்கு இடங்களுக்குள் நின்றார் என்றால், மற்ற எல்லாம் எவ்வளவு உறுதியாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் மார்ட்டினுடனான தொடர்பு முடிந்தது. வைடாவுடன் உட்கார்ந்து பழைய அசைவை மெல்ல மீட்டெடுத்தார்.

இனி நடால் பற்றி. இடக்கை ஆட்டக்காரரான நடால், கடும் சுழற்சியுடன் குறுக்காக அடிக்கும் ஃபோர்ஹேண்ட் (மட்டை பிடித்த கைப்பக்க அடி), வலக்கை ஆட்டக்காரரின் பேக்ஹேண்ட் (மறுபக்க அடி) பக்கத்தில் குத்தித் தோள் உயரத்துக்கு எழும்பும். ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் ஆடிய ஃபெடரரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது அந்த ஒரே அடிதான். ஜோகோவிச் இரு கைகளால் ஆடுபவர். ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைனை விட்டுப் பின்வாங்காமல், பந்து உச்சிக்குப் போகும் முன்பே அதை எதிர்கொண்டு, குறுக்கே திருப்புவார். அல்லது கோட்டை ஒட்டி நேராக அடித்து நடாலைப் பேக்ஹேண்ட் பக்கத்துக்கு ஓடவைப்பார். மற்றவர்களைத் தண்டிக்கும் அடி, இவருக்கு விருப்பமான உயரத்தில் வந்து நின்றது. இந்தத் திறமை 2008-லேயே இருந்தது. ஆனால் ஐம்பதாவது பந்தில் செய்ததை ஐந்நூறாவது பந்திலும் செய்வதற்கான மூச்சு அவரிடம் இல்லை. அங்கேதான் உடல்நலம் உள்ளே வருகிறது. அதை நான் மறுக்கவில்லை.

2011 மே மாதத்தில் மாட்ரிட் இறுதியில் 7-5, 6-4, ரோம் இறுதியில் 6-4, 6-4. இரண்டும் களிமண் தரை, இரண்டிலும் எதிரே நடால். அந்த ஆண்டு இருவரும் சந்தித்த ஆறு இறுதி ஆட்டங்களையும் ஜோகோவிச்சே வென்றார். ஜூலை 4 அன்று தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தவர், 70 வெற்றி, 6 தோல்வி, 10 பட்டங்கள் என்ற கணக்குடன் ஆண்டை முடித்தார்.

வைகறைவாசகி எழுதியது:

செந்தரை ஐயா சர்வ் பற்றி எழுதியதை ஏற்கிறேன். ஆனால் கேள்வியில் "மாறியது என்ன" என்று இருக்கிறது. மாறாமல் இருந்தது எது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எழுச்சி விளங்கும் என்று நினைக்கிறேன்.

செர்பியாவின் கொப்பாவொனிக் மலையில் ஜோகோவிச்சின் பெற்றோர் உணவகம் நடத்திவந்தார்கள். எதிரிலேயே டென்னிஸ் ஆடுகளங்கள். 1993-இல் அங்கே கோடைப் பயிற்சி நடத்த வந்தவர் எலேனா கெஞ்சிச். மோனிகா செலஸ் சிறுமியாக இருந்தபோது பயிற்சி கொடுத்தவர். வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுவனை அவர் ஆட அழைத்தார். அவன் வந்தபோது கொண்டுவந்த பையைப் பற்றிக் கெஞ்சிச் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். மட்டை, துண்டு, தண்ணீர்ப் புட்டி, வாழைப்பழம், மணிக்கட்டுப் பட்டைகள், மாற்றுச் சட்டை என எல்லாம் அதில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. உன் அம்மா அடுக்கித் தந்தாரா என்று கேட்டதற்கு, தானேதான் அடுக்கியதாகச் சிறுவன் பதில் சொன்னானாம். உணவில் அவர் பின்னாளில் காட்டிய கண்டிப்பைப் புதிதாக முளைத்த ஒன்றாக என்னால் பார்க்க முடியவில்லை.

கெஞ்சிச் அவருக்கு மட்டையடியை மட்டும் கற்றுத்தரவில்லை. மேற்கத்தியச் செவ்வியல் இசையைக் கேட்கச் சொன்னார். ஆட்டத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கப் பழக்கினார். 1999 மார்ச் முதல் ஜூன் வரை 78 நாட்கள் நேட்டோ படைகள் குண்டு வீசியபோது, பெல்கிரேடில் அந்தச் சிறுவனுக்கு வயது பதினொன்று. முதல் நாள் குண்டு விழுந்த பகுதியில் மறுநாளும் விழாது என்ற கணிப்பில் ஆடுகளத்தைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் மியூனிக் அருகே நிக்கி பிலிச் நடத்திய பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பப்பட்டார். பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை எடுப்பதில்லை என்றிருந்த பிலிச், இந்தப் பன்னிரண்டு வயதுப் பையனுக்காக அந்த வழக்கத்தைத் தளர்த்தினார். குடும்பம் கடன்பட்டுத்தான் இந்தச் செலவைத் தாங்கியது.

இதையெல்லாம் எழுதக் காரணம் இருக்கிறது. 2011 அமெரிக்க ஓபன் அரையிறுதியைப் பாருங்கள். முதல் இரண்டு செட்களை இழந்து, அடுத்த இரண்டை மீட்டு, ஐந்தாவது செட்டில் 3-5 என்று பின்தங்கி நிற்கிறார். ஃபெடரரின் சர்வில் 40-15. இரண்டு மேட்ச் பாயிண்ட்கள், அதாவது ஒன்றை எடுத்தாலே ஃபெடரர் ஆட்டத்தை வென்றுவிடும் புள்ளிகள். ஃபெடரர் அகலமாகப் போட்ட முதல் சர்வை, காலம் தாழ்த்தாமல் முழு வீச்சில் ஃபோர்ஹேண்டில் குறுக்கே அடித்து ஓட்டினார். பந்து கோட்டருகே குத்திப் போனது. ஃபெடரர் அசையவே இல்லை. உடனே இரு கைகளையும் உயர்த்தி, அதுவரை எதிராளிக்கே குரல் கொடுத்துக்கொண்டிருந்த அரங்கத்தைப் பார்த்தார். அடுத்த மேட்ச் பாயிண்டில் ஃபெடரரின் அடி வலையில் பட்டு வெளியே விழுந்தது. அதன்பின் கடைசி நான்கு கேம்களும் ஜோகோவிச்சுக்கே. அந்த அடியை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள், அதற்கு முந்தைய ஆண்டு அதே அரங்கில், அதே ஃபெடரருக்கு எதிராக, அதே அரையிறுதியில் அவர் இரண்டு மேட்ச் பாயிண்ட்களைத் துணிந்து அடித்துக் காப்பாற்றியதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2010 டிசம்பரில் பெல்கிரேடில் பிரான்சை 3-2 என வென்று நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பையைச் செர்பியா கைப்பற்றியது. பிலிச்சும் அந்த அணிக்கு ஆலோசகராக இருந்தார். அந்த மாதத்துக்குப் பின் ஆடிய ஜோகோவிச்சின் முகத்திலேயே ஒரு தெளிவு தெரிந்தது என்பது என் கணிப்பு.

மருந்தகம் எழுதியது:

உணவு பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளின் சாப்பாட்டில் கைவைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். 2010-இல் சோங்காவுடனான ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த இகோர் செட்டொயேவிச் என்ற மருத்துவர், சில மாதங்கள் கழித்து ஜோகோவிச்சைச் சந்தித்தார். வயிற்றருகே ரொட்டித் துண்டை வைத்துக்கொண்டு மறுகையை நீட்டச் சொல்லி, கையின் வலு குறைகிறதா என்று பார்த்த சோதனை பெரும் புகழ் பெற்றுவிட்டது. மருத்துவ அறிவியலில் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாத சீலியாக் நோய் உண்மையானது. அதை இரத்தப் பரிசோதனையாலும், தேவைப்பட்டால் சிறுகுடல் திசுப் பரிசோதனையாலும் உறுதிசெய்கிறார்கள். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும் என்பதால், சந்தேகம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் போவதே முறை. ஜோகோவிச்சுக்கு அந்த உணவு மாற்றம் உதவியது என்று அவரே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அதை நம்புகிறேன். அது அவருடைய உடலைப் பற்றிய செய்தி.

பொருநைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பேக்ஹேண்ட் உயரம் பற்றிய விளக்கத்துக்குப் பிறகு ரோம் இறுதி ஆட்டத்தை மீண்டும் பார்த்தேன். நடால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தடுமாறுவதை இப்போதுதான் கவனிக்கிறேன். ஒரு துணைக் கேள்வி. 2016-இல் பிரெஞ்சு ஓபனையும் வென்று, 1969-இல் ராட் லேவருக்குப் பின் நான்கு கிராண்ட்ஸ்லாம்களையும் ஒரே நேரத்தில் தன்வசம் வைத்திருந்த முதல் ஆண் ஆட்டக்காரரானார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் மீண்டும் சரிவு. 2018 ஜூனில் தரவரிசையில் 22-ஆம் இடம். ஜூலையில் விம்பிள்டன் கோப்பை. இந்த இரண்டாவது எழுச்சியும் முதலாவதைப் போன்றதுதானா?

செந்தரை எழுதியது:

காரணங்கள் வேறு, ஆனால் இரண்டுக்கும் நடுவே சர்வ் நிற்கிறது. இம்முறை சிக்கல் வலது முழங்கையில் இருந்தது. 2017 விம்பிள்டன் காலிறுதியில் விலகியவர், அந்த ஆண்டில் பிறகு ஆடவே இல்லை. கைக்குச் சுமை குறையட்டும் என்று சர்வ் அசைவைச் சுருக்கிக்கொண்டு 2018 ஜனவரியில் திரும்பினார். வலி தீராததால் பிப்ரவரியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். மார்ச்சில் இந்தியன் வெல்ஸிலும் மயாமியிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். 2017-இல் பிரிந்துபோன வைடாவை ஏப்ரலில் திரும்ப அழைத்துக்கொண்டார். விம்பிள்டன் அரையிறுதியில் நடாலுடன் இரண்டு நாட்கள் நீண்ட ஆட்டத்தை ஐந்தாவது செட்டில் 10-8 என்று முடித்ததுதான் அவருடைய இரண்டாம் பிறப்பு என்பேன்.

உண்மையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கும் அடுத்தது. 2019-இல் கோரன் இவானிசெவிச் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். இடக்கை சர்வை மட்டுமே நம்பி 2001-இல் விம்பிள்டனை வென்றவர் அவர். சிறுவயதில் கெஞ்சிச்சிடம் பயின்றவர் என்பதை வைகறைவாசகி அம்மையாருக்காகச் சேர்த்துச் சொல்கிறேன். அவர் வந்தபின் ஜோகோவிச்சின் சர்வ் தற்காப்பாக இருந்தது போய் ஆயுதமாயிற்று. நெருக்கடியான புள்ளிகளில் கோட்டை ஒட்டிப் போடும் துல்லியம் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. இரண்டாவது சர்வைக்கூடத் துணிச்சலாகப் போடத் தொடங்கினார். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் மொத்தம் 218 புள்ளிகள் எடுத்தார், ஜோகோவிச் 204. இருந்தும் 7-8, 15-40 என்ற நிலையில் இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட்களைக் காப்பாற்றி, செட் சமநிலையில் நின்றபோது ஆடிய மூன்று டை பிரேக்குகளையும் வென்று, கோப்பையை எடுத்துச் சென்றவர் ஜோகோவிச். டை பிரேக்கில் சர்வை நம்ப முடியாதவரால் அது இயலாது.

2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியையும் இந்தக் கண்ணோட்டத்தில் ஒருமுறை பார்க்கப் பரிந்துரைக்கிறேன். வயது 37. முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை. எதிரே, அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபனையும் விம்பிள்டனையும் வென்றிருந்த 21 வயது அல்காரஸ். களம் களிமண் தரை, ஆட்டம் 7-6, 7-6 என ஜோகோவிச்சுக்கு. எதிராளி சர்வ் போடும் கேமை வெல்வதில், அதாவது சர்வை உடைப்பதில், தன் தலைமுறையில் நிகரற்றவர் எனப் பெயர்பெற்ற ஜோகோவிச், அந்த ஆட்டத்தில் ஒரு முறைகூட அல்காரஸின் சர்வை உடைக்கவில்லை. தன்னுடைய சர்வையும் ஒரு முறைகூட இழக்கவில்லை.