மறு: காம்பெட்டிட்டிவ் கிரவுடிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

> போட்டி நெரிசல் என்றே வைத்துவிடலாமே. கிரவுடிங் என்றால் நெரிசல்தானே?

நண்பர்களே,

நெரிசல் என்றதும் ஒட்டி உரசி நிற்கும் வண்டிகள்தான் கண்ணுக்கு வரும். கார் பந்தயக் கட்டுரையில் இதைப் போட்டால் எல்லோரும் டிராக்கையே நினைப்பார்கள். இங்கே பேச்சு டிராக்கைப் பற்றியதல்ல, புள்ளிப் பட்டியலில் சொற்ப வித்தியாசத்தில் பலர் நெருங்கி நிற்பதைப் பற்றியது. முன்னும் பின்னும் யாருமில்லாமல் தனியாக ஓட்டிக்கொண்டிருப்பவரும் பட்டியலில் நெருக்கப்பட்டிருக்கலாம்.

2007இல் போத்னர், காங், ஸ்டூவர்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களை ஆராய்ந்து சொன்னது இதுதான்: தனக்குக் கீழே சொற்பப் புள்ளி வித்தியாசத்தில் பலர் இருந்தால், ஓட்டுநர் மோதி வெளியேறும் வாய்ப்பு கூடுகிறது. மேலே இருப்பவரை எட்டிப் பிடிக்கும் ஆசையைவிட, கீழே இருப்பவர் ஏறிவிடுவாரோ என்ற பயத்துக்கு வேகம் அதிகம். ஆகவே திசையும் சொல்லில் தெரிய வேண்டும்.

ஃபார்முலா ஒன்னில் 1994, 1997 இரண்டு ஆண்டுகளின் கடைசிப் பந்தயத்தையும் பாருங்கள். இரண்டிலும் ஷூமாக்கர் ஒரே ஒரு புள்ளி முன்னிலை. 1994இல் அடிலெய்டில், இரண்டாமிடத்தில் இருந்த ஹில்லோடு மோதினார். இருவரும் வெளியே, பட்டம் ஷூமாக்கருக்கு. 1997இல் ஹெரேஸில், அதேபோல் இரண்டாமிடத்தில் இருந்த வில்நேவோடு மோதினார். இந்த முறை ஷூமாக்கர் மட்டும் சரளையில் சிக்கி நின்றார், பட்டம் வில்நேவுக்கு. அப்புறம் அந்த மோதலுக்குத் தண்டனையாக அந்த ஆண்டின் இரண்டாமிடமும் பறிபோனது. கீழே கூட்டம்கூட வேண்டாம், ஒரே ஆள் போதும்.

என் பரிந்துரை: வரிசை நெருக்கம். கீழிருந்து வந்தால் கீழ்நெருக்கம், எதிர்த்திசையில் மேல்நெருக்கம்.

---

> நெருக்கம் என்றால் நட்பு போல ஒலிக்கிறது. இடர்நெருக்கடி எப்படி?

ஷூமாக்கரும் ஹில்லும் நெருக்கமானவர்கள் என்று யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம் புரிகிறது :) ஆனால் மக்கள் நெருக்கம் என்று அடர்த்தியைச் சொல்கிறோமே, அந்த நெருக்கம்தான் இது. இத்தனை புள்ளிக்குள் இத்தனை பேர் என்று எண்ணிவிடலாம். அதனால் ஓட்டுநர் மனத்தில் ஏற்படுவது நெருக்குதல். காரணம் வேறு, விளைவு வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் கிடைத்தது நல்லதுதான். நெருக்கடியோ இப்போது பணமுடைக்கும் அரசியலுக்கும் போய்விட்டது.

இடரைச் சொல்லுக்குள்ளேயே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1992 நாஸ்கார் கடைசிப் பந்தயத்துக்கு ஆறு பேர் பட்ட வாய்ப்போடு வந்தார்கள். நெருக்கம் என்றால் அப்படியொரு நெருக்கம். அவர்களில் ஒருவரான ஆலன் குல்விக்கி முண்டியடிக்கவில்லை, கணக்குப் போட்டார். ஒரு பந்தயத்தில் அதிகச் சுற்றுகள் முன்னிலை வகிப்பவருக்கு அப்போது 5 புள்ளி கூடுதல். அதற்குத் தேவையான சுற்றுகள் முடியும்வரை முன்னிலையிலேயே இருந்துவிட்டு, பிறகுதான் எரிபொருள் நிரப்ப டிராக் ஓரத்து பிட்டுக்குள் வந்தார். முன்னிலையில் அவர் 103 சுற்று, போட்டியாளர் பில் எலியட் 102. பந்தயத்தை வென்றவர் எலியட், பட்டம் குல்விக்கிக்கு, 10 புள்ளி வித்தியாசத்தில். அந்த 5 புள்ளி எலியட்டுக்குப் போயிருந்தால் இருவரும் சமம். அதிக வெற்றிகள் கணக்கில் பட்டமும் எலியட்டுக்கே.

நெருக்கம் ஒன்றுதான், ஒருவர் மோதுகிறார், ஒருவர் கூட்டிக் கழிக்கிறார். ரிஸ்க்-டேக்கிங்குக்கு இடர்துணிவு என்று தனியாகவே வைத்துக்கொள்வோம்.

எடுத்துக்காட்டு வாக்கியம்: "சீசன் முடிவில் கீழ்நெருக்கம் கூடக் கூட, அவர் வளைவுகளில் பிரேக்கை இன்னும் இன்னும் தாமதமாகப் பிடித்தார்." வாசிக்கும்போது எங்கேயாவது இடறினால் சொல்லுங்கள்.