கேஸ் ஷீட்டில் நோயாளியின் சொல் எந்த மொழியில் இருக்க வேண்டும்?

வார்டு அக்கா:
பெரியவர் ஒருவர் "மயக்கமா வந்துச்சு" என்று அட்மிட் ஆனார். கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் 'கிடினஸ்' என்று ஏறியது. தலைசுற்றலுக்கு மாத்திரை கொடுத்தோம். மறுநாள் அவர் மகளிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, மனிதர் கொல்லையில் நினைவு தப்பி விழுந்து கிடந்திருக்கிறார். இசிஜி எடுத்தால் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு வெறும் 38. நம் பேச்சில் தலைசுற்றலும் மயக்கம்தான், நினைவு தப்புவதும் மயக்கம்தான். நோயாளி சொன்ன முதல் வரியை அவர் வாய்ச்சொல்லாகவே தமிழில் எழுத வேண்டும்.

இரவுப்பணி டாக்டர்:
ஒத்துக்கொள்ள முடியவில்லை அக்கா. அங்கே தவறியது கேள்வி. "கண் இருட்டிச்சா, சுத்துச்சா, விழுந்தீங்களா" என்று கேட்டிருந்தால் ஆங்கிலத்திலேயே சரியாக ஏறியிருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி பி.ஜி. (மேற்படிப்பு) இடங்களில் 50 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, வெளிமாநில டாக்டர்களும் வருவார்கள். ராத்திரி 2 மணிக்கு ஷீட்டைப் புரட்டுகிறவர் ராஜஸ்தான்காரர் என்றால், தமிழ் வரியை வைத்து என்ன செய்வார்?

வார்டு அக்கா:
பக்கத்தில் நிற்கும் என்னைக் கேட்பார், டாக்டர். 'கிடினஸ்' என்று இருந்தால் யாரையும் கேட்கமாட்டார். முதல் ஆள் கேட்காமல் விட்டது அடுத்தவருக்குத் தெரியவே வழியில்லை. என் பயமே அதுதான்.

திருப்பூர்வாசி:
1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 18 வயதுப் பையனை நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். கியூபக் குடும்பம். ஸ்பானிஷில் 'இன்டாக்ஸிகாடோ' என்றார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் சொல்லவந்தது. டாக்டர்கள் அதை ஆங்கில 'இன்டாக்ஸிகேட்டட்' போல, போதைமருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். மூளை ரத்தக்கசிவைக் கண்டுபிடிப்பதற்குள் நாட்கள் ஓடி, கைகால் நான்கும் செயலிழந்துவிட்டன. இழப்பீடு சுமார் 7.1 கோடி டாலர்.

இங்கே பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசா தொழிலாளிக்காகக் கான்ட்ராக்டர்தான் அரைகுறை இந்தியில் விசாரித்துச் சொல்கிறார். அது யார் வாய் வழியாக வந்தது என்று ஷீட்டில் எங்காவது இருக்கிறதா?

இரவுப்பணி டாக்டர்:
தகவல் சொன்னவர் யார் என்று எழுத இடம் உண்டு. 'அட்டெண்டர்' (கூட வந்தவர்) என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம், நானும்தான். "கான்ட்ராக்டர், இந்தியில் கேட்டுச் சொன்னது" என்று எழுத வேண்டும், ஏற்கிறேன். ஆனால் தமிழ் வரி மட்டும் போதும் என்றால் சம்மதமில்லை. ஆங்கிலமும் கூடவே இருக்க வேண்டும்.

வார்டு அக்கா:
சரி, இரண்டும் இருக்கட்டும். தமிழை முதலில் எழுதுங்கள். அப்போதுதான் ஆங்கிலம் எழுதப் போகும்போது, எந்த மயக்கம் என்று கேட்கத் தோன்றும்.