கடல் வானிலைச் செயலி: வெளிச் சர்வரின் தரவு விடியலுக்கு முன் மட்டும் நேற்றையதாக வருகிறது

பாம்பன் கரை (கேள்வி)

வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளின் நாட்டுப்படகுத் தொழிலாளர்களும் அவர்கள் வீட்டாரும் பார்த்துக்கொள்வதற்காக, அன்றைய காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் வடகடலுக்கும் (பாக் விரிகுடா) தென்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) தனித்தனியே காட்டும் ஓர் இணையச் செயலியைப் பராமரித்து வருகிறேன். நோட் ஜேஎஸ்ஸில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் தளம்) எழுதப்பட்ட அது, வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர் ஒன்றில் ஓடுகிறது. கடல் வானிலைத் தரவு தரும் வெளிச் சேவை ஒன்றுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி ஆகிய மூன்றையும் அனுப்பினால், அந்த நாளின் மணிவாரி முன்கணிப்பு ஜேசன் என்ற உரை வடிவில் வந்து சேரும். அதில் உள்ள நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி, காலை முதல் இரவு வரை வரிசைப்படுத்தி அட்டவணையாகக் காட்டுகிறோம்.

பகலில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் பார்த்தால், மேலே இன்றைய தேதி போட்டிருந்தாலும் கீழே இருப்பது நேற்றைய கணக்கு. வலையை ஏற்றிப் படகைத் தள்ளும் நேரமே அதுதான் என்பதால், இந்தப் பிழை பகலில் வந்திருந்தால்கூட எனக்கு இத்தனை கவலை இருந்திருக்காது. அண்மையில் ஒரு நாள் அதிகாலை 4 மணி அளவில் இருந்த திரையைப் படம் பிடித்து, சேவையின் சொந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டேன். 4:30 வரையிலான வரிகள் அப்படியே பொருந்தின. 5:30 வரியிலிருந்து கீழே உள்ள அனைத்தும் முந்தின நாளுடையவை.

அதே நிரலை அதே அதிகாலையில் என் மடிக்கணினியில் ஓட்டினால் 5:30-க்குப் பிந்தைய வரிகள் சரியாக வருகின்றன. கர்ல் என்ற கட்டளைக் கருவியைக் கொண்டு இன்றைய தேதியைத் தட்டச்சிட்டு வெளிச் சர்வரை நேரடியாகக் கேட்டாலும் சரியான பதிலே கிடைக்கிறது. எப்போதும் நிலைக்குறி 200 (கோரிக்கை வெற்றி) தான். பிழைச் செய்தி எதுவும் இல்லை. சேவையினரிடம் எழுதிக் கேட்டதற்குத் தங்கள் தரவில் குறை இல்லை என்று பதில் அனுப்பிவிட்டார்கள். எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தொண்டி வலைஞர் (பதில்)

இடையில் எங்காவது தற்காலிகச் சேமிப்பு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். வெளிச் சர்வரின் பதிலோடு வரும் தலைப்புகளில் 'ஏஜ்' என்று ஒன்று இருந்தால், அந்தப் பதில் எத்தனை நொடிகளுக்கு முன் சேமிக்கப்பட்டது என்பதை அது சொல்லிவிடும். 'கேஷ் கன்ட்ரோல்' தலைப்பில் நீண்ட கால அளவு கொடுக்கப்பட்டிருந்தாலும் பழைய பதில் திரும்பத் திரும்ப வரக்கூடும். தங்கள் சர்வருக்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ் மென்பொருளை வைத்திருந்தால் அதன் அமைப்பையும் பார்த்துவிடுங்கள்.

இராமநாதபுரம் சர்வர் அறை (பதில்)

சேமிப்பைப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் காரணம் அதுவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சேமிப்பில் இருந்த பழைய பதில் என்றால் அது விடியலுக்கு முன் மட்டும் அல்லாமல் பகலிலும் சில வேளைகளில் வந்திருக்க வேண்டும். தாங்கள் எழுதியதிலேயே விடைக்கான தடயம் இருக்கிறது: 4:30 வரை சரி, 5:30 முதல் நேற்று. நம் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஆகவே யூடிசிப்படி ஒரு நாள் தொடங்குவது இங்கே காலை 5:30-க்கு. பிளவு சரியாக அந்த இடத்தில் விழுவது தற்செயலாக இருக்க முடியாது.

கர்ல் சரியான பதில் தருகிறது என்பதை வைத்துச் செயலியும் அதையே கேட்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. கர்லில் தேதியை எழுதியவர் தாங்கள். செயலியில் தேதியை எழுதுவது நிரல். வெளிச் சர்வரோடு பேசும் எந்தச் செயலியிலும், அந்தச் சர்வருக்குள் நம்மால் எட்டிப்பார்க்க முடியாது என்பதால், நம் வாசலைத் தாண்டிப் போன கோரிக்கையையும் திரும்பி வந்த பதிலையும் எழுத்து மாறாமல் பதிந்து வைப்பதே முதல் வேலை. கோரிக்கை கிளம்பும் வரிக்கு முன்னால், முழு முகவரியையும் அந்தக் கணத்தின் யூடிசி நேரத்தையும் பதிவுக் கோப்பில் எழுதச் செய்யுங்கள். பதில் வந்ததும், அதைப் பிரித்துப் பொருள் கொள்ளும் முன்பே, வந்தபடியே ஒரு கோப்பில் சேமியுங்கள். முகவரியிலோ தலைப்பிலோ சாவிச்சொல் ஏதேனும் போகிறது என்றால் அதை மட்டும் மறைத்துவிடுங்கள். இன்று இரவு அது ஓடட்டும், நாளை காலை அந்த இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என் ஊகத்தையும் சொல்லிவிடுகிறேன். 'கெட்டேட்' போன்ற ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறுகள், நிரல் ஓடும் கணினியின் நேர வலயத்தைக் கொண்டே தேதியைச் சொல்லும். தங்கள் மடிக்கணினி இந்திய நேரத்தில் இருக்கிறது. கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில் இருக்கும். இங்கே அதிகாலை 4 மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு 10:30. ஆகவே சர்வர் நேற்றைய தேதியைத்தான் கேட்டிருக்கும். மேலே தெரியும் தேதி கைப்பேசியில் உருவாவதாக இருந்தால் அது இன்றையதாகவே இருக்கும், கீழே உள்ள தரவு மட்டும் நேற்றையதாக இருக்கும். இவை இரண்டும் வெவ்வேறு கணினிகளில் பிறப்பதால் முரண்பாடு திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறது.

விடியும் வரை காத்திருக்க வேண்டாம் என்று நினைத்தால், மடிக்கணினியில் நேர வலயத்தைக் குறிக்கும் 'டிஇசட்' என்ற சூழல் மாறியை யூடிசி என்று வைத்து, கணினியின் கடிகாரத்தை அதிகாலை 4 மணிக்குத் திருப்பி நிரலை ஓட்டினாலே பிழை கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் உண்மையான வெளிச் சர்வரைத் தட்டாதீர்கள். வரம்பு மீறினால் 429 என்ற நிலைக்குறி வரத் தொடங்கும், அப்புறம் எது உண்மையான பிழை என்பதே குழம்பிவிடும். சேமித்த பதில் கோப்பை அப்படியே திருப்பித் தரும் சிறிய போலி சர்வர் ஒன்றை மடிக்கணினியில் வைத்துக்கொண்டால் போதும்.

பாம்பன் கரை

மிக்க நன்றி. 'ஏஜ்' தலைப்பு எதுவும் வரவில்லை, என்ஜின்எக்ஸிலும் சேமிப்பு இல்லை. பதிவுக் கோப்பில், அதிகாலையில் போன எல்லாக் கோரிக்கைகளிலும் முந்தின நாள் தேதியே இருக்கிறது. காலை 5:30 தாண்டியதும் அடுத்த கோரிக்கையிலேயே தேதி மாறியிருக்கிறது. மேலே தெரியும் தேதி கைப்பேசியில் உருவாவதும் உண்மைதான். சர்வரின் நேர வலயத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டால் போதுமா?

இராமநாதபுரம் சர்வர் அறை (பதில்)

போதாது என்பதே என் உறுதியான கருத்து. நாளை வேறு சர்வருக்கு மாறினால் பிழை மீண்டும் வரும், அதைவிட முக்கியமாக இன்னொரு குறை மறைந்தே இருக்கும். வெளிச் சேவை தருவது யூடிசி நாள். ஒரு தேதிக்கு அது தரும் 24 வரிகள், நம் கணக்கில் அன்று காலை 5:30-இலிருந்து மறுநாள் காலை 4:30 வரையிலானவை. அவற்றை இந்திய நேரத்துக்கு மாற்றியபின் மணியை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால், மறுநாள் அதிகாலைக்கு உரிய வரிகள் இன்றைய அட்டவணையின் தலையில் போய் உட்காரும். மடிக்கணினியில் சரியாக வருவதாகத் தாங்கள் கருதும் அட்டவணையிலும் 4:30 வரையிலான வரிகள் நாளையவை. பகலில் பார்ப்பவர்கள் கடந்துபோன அந்த நேரத்தைக் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே நம் நாள் என்பது முந்தின தேதி யூடிசி 18:30-இலிருந்து அன்றைய யூடிசி 18:30 வரை என்று நிரலில் வரையறுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தேதி எது என்பதை, 'ஆசியா/கொல்கத்தா' என்ற வலயப் பெயரை வெளிப்படையாகக் கொடுத்து 'இன்டில் டேட்டைம்ஃபார்மட்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி மூலம் பெறுங்கள்; அப்போது சர்வர் எந்த வலயத்தில் இருந்தாலும் விடை மாறாது. பிறகு முந்தின தேதி, இன்றைய தேதி இரண்டையும் வெளிச் சர்வரிடம் கேட்டு வாங்கி, மேற்சொன்ன எல்லைக்குள் வரும் வரிகளை மட்டும் எடுத்து, மணியைக் கொண்டு அல்லாமல் முழு நேரக்குறியைக் கொண்டு வரிசைப்படுத்துங்கள். முதல் வரி நள்ளிரவு 12:30 என்றும் கடைசி வரி இரவு 11:30 என்றும் அமையும். மேலே காட்டும் தேதியும் அந்தத் தரவிலிருந்தே வரட்டும். வெளிச் சர்வர் பதில் தராத நேரத்தில் பழைய தரவைக் காட்ட வேண்டி வந்தால், அது எப்போது பெறப்பட்டது என்பதை அட்டவணைக்கு மேலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.

மண்டபம் சம்மாட்டி (பதில்)

தம்பி, நான் நிரல் எழுதுகிறவன் அல்ல. உங்கள் பக்கத்தைத் தவறாமல் பார்க்கிறவன். இரண்டு செய்திகளைக் கேட்க வேண்டும். வாடைக் காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிப்பாகவும் தென்கடல் அடங்கியும் இருக்கும். கச்சான் என்ற மேலைக் காற்று வீசும் மாதங்களில் அது தலைகீழாக மாறும். இது இந்தக் கரையில் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் உங்கள் அட்டவணையில் எந்த மாதம் பார்த்தாலும் இரண்டு கடலுக்கும் ஒரே எண்ணிக்கைதான் இருக்கிறது. இதுவும் இந்த நேரக் கோளாற்றினால் வருவதா? அடுத்தது, எல்லா வரியும் அரை மணியில் நிற்பது ஏன்? ஐந்து மணிக்கு, ஆறு மணிக்கு என்று போட முடியாதா?

இராமநாதபுரம் சர்வர் அறை (பதில்)

ஐயா, தாங்கள் கேட்ட முதல் கேள்வி மிக முக்கியமானது. அது நேரத்தால் வருவதில்லை, இடத்தால் வருவது. இத்தகைய சேவைகள் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண்ணை மட்டுமே வைத்திருக்கும். கட்டத்தின் அளவு கால் பாகை என்றால், தெற்கு வடக்காக ஏறத்தாழ 28 கிலோமீட்டர். பாம்பன் தீவின் வடகரையும் தென்கரையும் அதைவிட மிக நெருக்கமானவை.

பாம்பன் கரை நண்பர், சேமித்த பதில் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். நாம் கேட்ட அட்சரேகை ஒன்றாகவும், பதிலில் திரும்பி வந்த அட்சரேகை வேறாகவும் இருக்கும். 9.29 என்று கேட்டாலும் 9.26 என்று கேட்டாலும் பதில் 9.25 என்ற ஒரே புள்ளிக்கு உரியதாக இருந்தால், கேட்டது இரண்டு கடல், கிடைத்தது ஒரு கட்டம். கரையோரப் புள்ளிகளை விட்டுவிட்டு, வடகடலுக்கு 9.50 வடக்கு, 79.25 கிழக்கு என்றும், தென்கடலுக்கு 9.00 வடக்கு, 79.25 கிழக்கு என்றும் கேட்டுப் பாருங்கள். ஒன்று பாக் விரிகுடாவிலும் மற்றது மன்னார் வளைகுடாவிலும் நிலத்தைத் தொடாமல் விழும். கரையருகே உள்ள காற்றுக்கும் அந்தப் புள்ளிக்கும் வேறுபாடு இருக்கக்கூடும் என்பதால், அட்டவணையின் கீழ் 'கரையிலிருந்து தள்ளியுள்ள கடலுக்கான கணிப்பு' என்று எழுதிவிடுவது நேர்மை. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கும் மீன்வளத் துறையின் அறிவிப்புக்கும் இந்தப் பக்கம் மாற்று அல்ல என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

அரை மணி பற்றிய கேள்வி: இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு அமைந்தது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் அது ஐந்தரை மணி ஆகிறது. வெளிச் சர்வர் யூடிசியின் முழு மணிகளுக்குக் கணிப்பதால் நமக்கு அவை அரை மணிகளாக வருகின்றன. 4:30, 5:30 இரண்டின் சராசரியை எடுத்து ஐந்து மணி என்று காட்டலாம்தான். ஆனால் காற்று திடீரென ஏறும் நாளில் அந்தச் சராசரி உச்சத்தைக் குறைத்துக் காட்டிவிடும். நடுக்கடலில் நிற்கும் ஒருவருக்குக் குறைந்த எண்ணைக் காட்டுவதைவிட, 5:30 என்று உள்ளதை உள்ளபடி போடுவதே சரி.

பாம்பன் கரை

பதில் கோப்பில் இரண்டு கடலுக்கும் 9.25, 79.25 என்றே வந்திருக்கிறது, ஐயா சொன்னது அப்படியே உண்மை. இரு புள்ளிகளையும் மாற்றிவிட்டேன். வடகடலுக்கும் தென்கடலுக்கும் இப்போது வெவ்வேறு எண்கள் வருகின்றன. தேதிப் பகுதியைத் திருத்தி, கடிகாரத்தை நள்ளிரவு 12:10, அதிகாலை 4:00, 5:29, 5:31 ஆகிய நேரங்களுக்குத் திருப்பி, போலி சர்வரைக் கொண்டு சோதித்ததில் நான்கிலும் சரியான நாள் வந்தது. அரை மணி வரிகளை அப்படியே வைத்திருக்கிறேன்.